பல் சிகிச்சையில் அச்சமும் அமைதியூட்டும் மருந்துகளும்

பல்வலியால் இரவெல்லாம் உறக்கமின்றித் தவிப்பவர்கூட, பொழுது விடிந்ததும் பல் மருத்துவரிடம் செல்லத் தயங்குவதை நாம் எங்கும் காண்கிறோம். கிராம்பைக் கடித்துக்கொள்வார், புகையிலையை அடக்கிக்கொள்வார், கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவார், ஆயின் மருத்துவமனைப் படியை மட்டும் மிதிக்கமாட்டார். இத்தயக்கத்திற்குச் செலவும் தொலைவும் ஓரளவு காரணங்களே. எனினும், பலரிடம் முதன்மையான காரணம் அச்சமே ஆகும். இவ்வச்சம் எவ்வாறு தோன்றுகிறது, உடலில் என்ன மாறுதல்களை விளைவிக்கிறது, அதனைத் தணிப்பதற்கு மருத்துவ விஞ்ஞானம் எத்தகைய வழிகளைக் கண்டிருக்கிறது, அவ்வழிகளில் உள்ள ஆபத்துகள் யாவை என்பவற்றைச் சுகாதாரக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், அஞ்சி ஒதுங்கும் நோயாளியை முதலில் சந்திப்பவர்கள் அவர்களே.

1. அச்சத்தினால் விளையும் கேடு

சொத்தைப் பல் தானாகக் குணமடைவதில்லை. தொடக்கத்தில் பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் மட்டுமே அரிக்கப்படுகிறது. அந்நிலையில் சிறு அடைப்பு போதுமானது. வலியும் பெரும்பாலும் இராது. அரிப்பு பல்லின் நடுவிலுள்ள மென்மையான கூழ்ப் பகுதியை எட்டியதும் கடும் வலி எழுகிறது. அப்பொழுது வேர்ச் சிகிச்சையோ, பல்லை எடுத்தலோ தேவைப்படும். மேலும் தாமதித்தால் வேரின் நுனியில் சீழ் கட்டி, தாடையிலும் கழுத்திலும் பரவக்கூடும். நாவின் அடிப்புறம் வீங்கிச் சுவாசப் பாதையை நெருக்கும் நிலை உயிருக்கே ஆபத்தானது.

ஆகவே, அச்சத்தினால் ஒத்திப்போடுபவர் எளிய சிகிச்சையை இழந்து, கடினமான சிகிச்சைக்கு ஆளாகிறார். கடினமான சிகிச்சை அவருடைய அச்சத்தை மேலும் வளர்க்கிறது. வளர்ந்த அச்சம் அடுத்த முறையும் தாமதத்தை உண்டாக்குகிறது. செக்கு மாடு போல் நோயாளி இச்சுழலிலேயே சுற்றி வருகிறார். இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தல் வேண்டும்.

அச்சம் உடலிலும் தெளிவான மாறுதல்களை விளைவிக்கிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் மிகுதியாகச் சேர்க்கின்றன. இதனால் நாடித் துடிப்பு விரைவடைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, தசைகள் இறுகுகின்றன. திடகாத்திரமானவர் இதனைத் தாங்கிக்கொள்வார். இருதய நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவருக்கு இது தீங்கு செய்யலாம். வேறு சிலருக்கு இதற்கு எதிரான நிலை உண்டாகும்: நாடி தளர்ந்து, முகம் வெளுத்து, மயங்கிச் சாய்வர். மேலும், அஞ்சியவருக்குச் சிறு வலியும் பெரு வலியாகத் தோன்றும் என்பது நன்கு அறியப்பட்ட உண்மை.

2. அச்சத்தின் வேர்கள்

அச்சம் பலவகைப்படும். சிறு வயதில் ஒருமுறை பட்ட வலியின் நினைவு சிலருக்கு ஆயுள் முழுவதும் மாறாதிருக்கிறது. வேறு சிலர் தாமே துன்பம் அனுபவித்திராவிடினும், வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டே அஞ்சுகின்றனர். ஊசியைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. துளைக்கும் கருவியின் ஒலியைக் கேட்டு நடுங்குவோர் உண்டு. வாயைத் திறந்தபடி சாய்ந்து கிடக்கையில் பேசவும் முடியாது, எழவும் முடியாது என்னும் எண்ணமே சிலரை வாட்டுகிறது. “அடம் பிடித்தால் பல் டாக்டரிடம் கொண்டுபோய் ஊசி போடச் சொல்வேன்” என்று குழந்தையை மிரட்டும் வழக்கமும் இவ்வேர்களுள் ஒன்றாகும்.

தவறான நம்பிக்கைகளும் உண்டு. மேல் வரிசைப் பல்லை எடுத்தால் கண் பார்வை குன்றும் என்பது நம் நாட்டின் பல பகுதிகளில் வழங்கும் நம்பிக்கை. மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளுள் இரண்டாவது இணையே பார்வைக்கு உரியது. பற்களுக்குச் செல்லும் கிளைகளோ ஐந்தாவது இணையைச் சேர்ந்தவை. இரண்டும் வெவ்வேறானவை. ஆகையால் பல்லை எடுப்பதனால் பார்வை கெடுவதில்லை. மாறாக, மேல் தாடையில் சீழ் பிடித்த பல்லை எடுக்காது விட்டால்தான் நோய்த்தொற்று கண்குழி வரை பரவக்கூடும்.

3. வரலாற்றுக் குறிப்பு

மயக்க மருந்தின் வரலாறு பல் மருத்துவத்தோடு பின்னிப் பிணைந்தது. நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுவை 1772இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்தார். ஹம்ப்ரி டேவி பிரிஸ்டல் நகரில் அதனைத் தாமே சுவாசித்துச் சோதித்தார். ஞானப்பல் முளைக்கையில் ஈறு வீங்கி வருந்திய தமக்கு, அவ்வாயுவைச் சுவாசித்ததும் வலி தணிந்ததை அவர் கவனித்தார். அறுவைச் சிகிச்சையில் இது பயன்படக்கூடும் என்று 1800இல் வெளியிட்ட நூலில் குறிப்பிட்டார். ஆயினும் அக்குறிப்பை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் பொருட்படுத்தவில்லை. சுவாசித்தவர் சிரித்துக் களிப்பதைக் காட்டும் கேளிக்கைக்கே அவ்வாயு பயன்பட்டது. “சிரிப்பு வாயு” என்னும் பெயரும் அவ்வாறே ஏற்பட்டது.

அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரப் பல் மருத்துவரான ஹொரஸ் வெல்ஸ், 1844 டிசம்பர் 10ஆம் நாள் அத்தகைய கேளிக்கை ஒன்றைக் காணச் சென்றார. வாயுவைச் சுவாசித்த ஒருவர் காலில் அடிபட்டும் வலியை உணராதிருந்ததைக் கண்டு வியந்தார். மறுநாளே தாம் அவ்வாயுவைச் சுவாசித்து, ஜான் ரிக்ஸ் என்னும் மற்றொரு பல் மருத்துவரைக்கொண்டு தம் பல் ஒன்றை எடுக்கச் செய்தார். வலி தோன்றவில்லை. ஆனால் 1845 ஜனவரியில் பாஸ்டன் நகரில் மருத்துவர் முன்னிலையில் அவர் செய்து காட்டியபோது, வாயு போதிய அளவு உட்செல்லாமையால் நோயாளி கூவிவிட்டார். கூடியிருந்தோர் எள்ளி நகையாடினர். அடுத்த ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், முன்னர் வெல்ஸுடன் தொழில் செய்தவரான வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் அதே நகரில் ஈதரைக்கொண்டு வெற்றி கண்டார். 1868இல் சிகாகோ நகர மருத்துவர் எட்மண்ட் ஆண்ட்ரூஸ் நைட்ரஸ் ஆக்ஸைடுடன் பிராணவாயுவையும் கலந்து கொடுக்கும் முறையை எடுத்துரைத்தார். இன்று பயன்படும் பாதுகாப்பான முறைக்கு இதுவே அடிப்படை.

ஊசி மருந்துகளைப் பொறுத்தவரை, 1945இல் அமெரிக்காவில் நீல்ஸ் யோர்கென்சன் என்பார் இரத்தக் குழாய் வழியே மருந்து செலுத்திப் பல் நோயாளியை அமைதிப்படுத்தும் முறையைப் புகுத்தினார். டயஸிபாம் 1963இல் விற்பனைக்கு வந்தது. 1970களில் கண்டுபிடிக்கப்பட்ட மிடஸோலாம், விரைவில் வேலை செய்து விரைவில் நீங்குவதால், பின்னர் அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது.

4. மூன்று முறைகளின் வேறுபாடு

“மயக்க ஊசி” என்னும் ஒரே சொல்லால் மக்கள் மூன்று வெவ்வேறு செயல்களைக் குறிப்பிடுகின்றனர். இக்குழப்பமும் அச்சத்தை வளர்க்கிறது. ஆகையால் இவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

(அ) மரத்துப்போகச் செய்தல்: லிக்னோகெயின் போன்ற மருந்தைப் பல்லின் அருகே ஊசி வழியாகச் செலுத்துவது. அம்மருந்து நரம்பில் வலிச் செய்தி கடந்து செல்லாதபடி தடுக்கிறது. அவ்விடம் மட்டும் மரத்துப்போகும். நோயாளி முழு நினைவுடன் இருப்பார். வலி நீங்கும்; அச்சம் நீங்காது.

(ஆ) அமைதியூட்டல்: மூளையின் பரபரப்பை மருந்தினால் தணித்தல். நோயாளி தூக்கக் கலக்கமாக இருப்பார். ஆயினும் அழைத்தால் பதில் கூறுவார், வாயைத் திறக்கச் சொன்னால் திறப்பார், தாமே சுவாசிப்பார். அச்சம் குறையும், ஆனால் வலியை முற்றிலும் நீக்க இது போதாது. ஆதலின் அமைதியூட்டிய பின்னரும் மரத்துப்போகும் ஊசி இட்டே பல்லை எடுப்பர்.

(இ) முழு மயக்கம்: நோயாளி நினைவை முற்றிலும் இழந்திருக்கும் நிலை. எழுப்பினாலும் எழமாட்டார். சுவாசப் பாதையை மயக்கவியல் மருத்துவர் தம் பொறுப்பில் காத்தல் வேண்டும். இதற்கு உரிய இடம் தக்க வசதியுள்ள மருத்துவமனையே. பிரிட்டனில் ஒரு காலத்தில் பல் மருத்துவரின் அறையிலேயே முழு மயக்கம் கொடுத்து வந்தனர். உயிரிழப்புகள் நேர்ந்ததன் விளைவாக, 2001ஆம் ஆண்டு இறுதியுடன் மருத்துவமனைக்கு வெளியே அவ்வாறு செய்வது நிறுத்தப்பட்டது.

அமைதியூட்டலிலும் படிகள் உண்டு: இலேசான அமைதி, நடுத்தர அமைதி, ஆழ்ந்த அமைதி. இப்படிகளுக்கு இடையே சுவர் எதுவும் இல்லை என்பதே இப்பாடத்தின் மிக முக்கியமான கருத்து. ஒரே அளவு மருந்து ஒருவரை இலேசாக அமைதிப்படுத்தும். மற்றொருவரை ஆழ்ந்த நிலைக்குத் தள்ளிவிடும். வழுக்குப் பாறையில் இறங்குபவர் தாம் எண்ணிய படியில் நில்லாது கீழே சறுக்கிவிடுதல் போன்றது இது. ஆகவே, ஒரு படிக்கு மருந்து கொடுப்பவர், நோயாளி அடுத்த படிக்குச் சறுக்கினால் மீட்கத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும்.

5. வாயுவைச் சுவாசிக்கும் முறை

நைட்ரஸ் ஆக்ஸைடு நிறமற்றது. சிறிது இனிய மணமுடையது. மூக்கின்மேல் பொருத்தும் சிறு முகமூடி வழியே, பிராணவாயுவுடன் கலந்து கொடுக்கப்படுகிறது. முதலில் தூய பிராணவாயு. பின்னர் நைட்ரஸ் ஆக்ஸைடு சிறிது சிறிதாகச் சேர்க்கப்படும். பெரும்பாலோர்க்கு 30 முதல் 50 சதவிகிதத்திற்குள் வேண்டிய அமைதி கிட்டிவிடுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 21 சதவிகிதமே உள்ளது. பல் மருத்துவத்திற்கென அமைந்த கருவிகள், கலவையில் பிராணவாயு இதற்கும் குறையாதபடி தடுக்கும் அமைப்பை உடையவை. பிராணவாயு நின்றுவிட்டால் மற்ற வாயுவும் தானே நின்றுவிடும்.

இவ்வாயு இரத்தத்தில் மிகக் குறைவாகவே கரைகிறது. ஆதலால் சில நிமிடங்களிலேயே அதன் பயன் தெரிகிறது. நிறுத்தியதும் சில நிமிடங்களில் நுரையீரல் வழியே வெளியேறிவிடுகிறது. கைகால்களில் சிறு குறுகுறுப்பும், உடல் இலேசானது போன்ற உணர்வும் தோன்றும். சிகிச்சை முடிந்ததும் சுமார் ஐந்து நிமிடம் தூய பிராணவாயு கொடுப்பர். இரத்தத்திலிருந்து வேகமாக வெளியேறும் வாயு, நுரையீரலில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு.

மூக்கடைப்பு உள்ளவருக்கு இம்முறை பயன்படாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தவிர்ப்பர். நடுச்செவியில் நோயுள்ளவர், அண்மையில் கண்ணினுள் வாயு செலுத்தி அறுவை செய்துகொண்டவர், கடுமையான நுரையீரல் நோயுள்ளவர் ஆகியோர்க்கும் இது ஏற்றதன்று. இவ்வாயு உடலிலுள்ள பி-12 உயிர்ச்சத்தைச் செயலிழக்கச் செய்யும். அச்சத்து ஏற்கெனவே குறைந்தவருக்கு நரம்புக் கோளாறு நேரக்கூடும் என்பதால் அதனையும் கேட்டறிதல் வேண்டும். அறையில் வாயு தேங்கினால் நாள்தோறும் அங்கே பணிபுரிவோர்க்குத் தீங்காகும். ஆதலின் வெளிவிடும் வாயுவை உறிஞ்சி அகற்றும் அமைப்பும், நல்ல காற்றோட்டமும் இன்றியமையாதவை.

6. வாய்வழி மருந்தும் ஊசி மருந்தும்

மிடஸோலாம், டயஸிபாம் ஆகியவை ஒரே குலத்தைச் சேர்ந்த மருந்துகள். மூளையில் நரம்புகளின் பரபரப்பை அடக்கும் இயற்கைப் பொருள் ஒன்று உண்டு. காபா என்பது அதன் சுருக்கப் பெயர். இம்மருந்துகள் அப்பொருளின் வேலையை மிகுதிப்படுத்துகின்றன. ஆகையால் அச்சம் தணிகிறது, தசைகள் தளர்கின்றன, உறக்கம் வருகிறது. சிகிச்சையின் நினைவும் பெரும்பாலும் பின்னர் இராது.

வாய்வழி கொடுத்தால் மருந்து குடலிலிருந்து இரத்தத்தில் சேர வேண்டும். மிடஸோலாம் திரவம் வேலை செய்ய 15 முதல் 30 நிமிடம் வரை ஆகும். ஊசிக்கு அஞ்சும் குழந்தைக்கு இது எளிது. எனினும், விழுங்கிய மருந்தைத் திரும்பப் பெற இயலாது. எவ்வளவு ஆழ்ந்த அமைதி உண்டாகும் என்பதையும் முன்கூட்டியே துல்லியமாகக் கூற முடியாது. இரத்தக் குழாய் வழியே செலுத்தினால் ஓரிரு நிமிடங்களிலேயே பயன் தெரியும். மருத்துவர் சிறிது செலுத்தி, நோயாளியைக் கவனித்து, தேவையானால் மேலும் சிறிது செலுத்துவார். இதனால் அளவைத் திட்டமாகக் கட்டுப்படுத்தலாம்.

இம்மருந்துகளின் முக்கியமான ஆபத்து, சுவாசம் தளர்தல். மதுவுடனோ, அபின் வகை வலி மருந்துகளுடனோ சேர்ந்தால் இவ்வாபத்து பன்மடங்காகும். புளுமஸெனில் என்னும் மாற்று மருந்து இவற்றின் செயலை முறியடிக்கும். ஆனால் அதன் வேலை சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடுவதால், நோயாளி மீண்டும் மயக்கத்தில் ஆழக்கூடும். ஆகவே மாற்று மருந்து கொடுத்த பின்னரும் நீண்ட நேரம் கண்காணித்தல் வேண்டும்.

7. கண்காணிப்பு

அமைதியூட்டும்போது பல் மருத்துவரின் கவனம் பல்லின்மேல் இருக்கும். ஆகையால் நோயாளியின் சுவாசம், நிறம், நாடி ஆகியவற்றைக் கவனிப்பதற்குப் பயிற்சி பெற்ற மற்றொருவர் உடனிருத்தல் வேண்டும். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் விரலில் பொருத்தப்படும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கோவிட் தொற்றின்போது கிராமங்களிலும் அறிமுகமான அச்சிறு கருவியே இது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்தி, இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் நிறைவை அது கணக்கிடுகிறது. ஜப்பானியப் பொறியியலாளர் டகுவோ அயோயாகி 1970களில் இதன் அடிப்படைத் தத்துவத்தைக் கண்டார். நலமாக உள்ளவருக்கு அளவு 95 சதவிகிதத்திற்குக் குறையாதிருக்கும். ஆனால், பிராணவாயு பெற்றுக்கொண்டிருப்பவருக்குச் சுவாசம் நின்ற பின்னும் சிறிது நேரம் இவ்வெண் இறங்காது. ஆகவே கருவியை மட்டும் நம்பாமல், மார்பு எழுந்து தாழ்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். பிராணவாயு, சுவாசம் ஊட்டும் பை, உறிஞ்சும் கருவி, அவசர மருந்துகள் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் அமைதியூட்டலை மேற்கொள்ளலாகாது.

8. மருந்துக்கு முந்திய மருந்து

அஞ்சுவோர் எல்லோர்க்கும் அமைதியூட்டும் மருந்து தேவையில்லை. பொறுமையான சொல்லே பலருக்குப் போதும். குழந்தைகளுக்கு “சொல், காட்டு, செய்” என்னும் முறை 1959 முதல் வழங்கி வருகிறது. முதலில், செய்யப்போவதை எளிய சொற்களில் சொல்லுதல். அடுத்து, கருவியைக் காட்டி நகத்தின்மேல் ஓட்டிக் காண்பித்தல். பின்னரே பல்லில் செய்தல். கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவதாக மருத்துவர் வாக்களித்து, அதன்படி நிறுத்துதல், பெரியவர்க்கும் பெருந்துணையாகும். தம் வசத்தில் ஒன்றுமில்லை என்னும் எண்ணம் அகன்றால் அச்சத்தின் பெரும்பகுதி அகன்றுவிடும்.

அச்சத்தை அளப்பதற்கும் எளிய வழி உண்டு. 1995இல் வெளியிடப்பட்ட திருத்திய பல் அச்ச அளவுகோலில் ஐந்து வினாக்கள் உள்ளன: நாளை பல் மருத்துவரிடம் செல்வதாயிருந்தால் எவ்வாறு உணர்வீர்? அவருடைய அறைக்கு வெளியே காத்திருக்கையில்? பல்லைத் துளைக்கப்போகையில்? பற்களைச் சுத்தம் செய்யப்போகையில்? ஈறில் ஊசி போடப்போகையில்? ஒவ்வொன்றுக்கும் “அச்சமில்லை” என்பதற்கு 1 முதல் “மிகக் கடுமையான அச்சம்” என்பதற்கு 5 வரை மதிப்பெண். மொத்தம் 19 அல்லது அதற்கு மேற்பட்டால் அச்சம் மிகக் கடுமையானது எனக் கொள்ளலாம். அத்தகையோரைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் நலம்.

9. களப்பணியாளர் செய்ய வேண்டுவன

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஐம்பது வயதுள்ள நெசவாளர் ஒருவர், கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி இரண்டு மாதமாகத் துன்புறுகிறார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்கிறார். ஊசி என்றாலே உடல் நடுங்குகிறது. பணியாளர் அவரிடம், “இதற்கெல்லாமா பயப்படுவது?” என்று கூறின், அவர் வாய் மூடிக்கொள்வார், அடுத்த முறை பணியாளரையே தவிர்ப்பார். “ஐயா, பயம் எல்லோருக்கும் இருப்பதுதான். பயத்தைக் குறைக்கவும் இப்பொழுது மருந்து உண்டு. எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், டாக்டரிடம் நான் முன்னதாகவே சொல்லி வைக்கிறேன்” என்றால் உரையாடல் தொடங்கிவிடும்.

அடுத்து, அவருடைய நோய்களையும் உட்கொள்ளும் மருந்துகளையும் எழுதிக்கொள்ள வேண்டும். அமைதியூட்டலுக்கு முன் பட்டினி இருக்கச் சொன்னால், சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் விழுங்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டே தீர வேண்டும். வெறும் வயிற்றில் அதனை விழுங்கினால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். மருத்துவர் அறியாத ஒரு மாத்திரையால் நோயாளி மயங்கி விழின், ஊர் முழுவதும் அதைப் பல் சிகிச்சையின் குற்றமாகவே பேசும். பத்துப் பேர் சிகிச்சைக்கு வராது நின்றுவிடுவர்.

பொதுவாகக் கடைப்பிடிக்க வேண்டியவை பின்வருமாறு:

(1) பட்டினி பற்றி மருத்துவர் கூறும் விதியை நோயாளிக்கு விளக்குக. ஆழ்ந்த அமைதிக்கும் முழு மயக்கத்திற்கும் முன்னர், தண்ணீர் போன்ற தெளிந்த பானம் 2 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், மாட்டுப்பாலும் இலேசான உணவும் 6 மணி நேரம் விலக்கப்பட வேண்டும் என்பது பொது வழக்கு. மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழலில் புகுந்தால் உயிருக்கு ஆபத்து என்னும் காரணத்தையும் சொல்லுக. காரணம் அறியாத தாய், குழந்தை அழுதால் இரக்கப்பட்டுப் பால் கொடுத்துவிடுவாள்.

(2) பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். வாய்வழி மருந்தோ, இரத்தக் குழாய் வழி மருந்தோ பெற்றவர் அன்று முழுவதும் வண்டி ஓட்டுதல், கிணற்றடி வேலை, அடுப்பு வேலை, இயந்திர வேலை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கடன் பத்திரம் போன்றவற்றில் கையொப்பமிடுவதும் கூடாது.

(3) வீட்டிலேயே தூக்க மாத்திரையோ, இருமல், சளி மருந்தோ கொடுத்துக் குழந்தையை உறங்க வைத்து அழைத்து வரலாகாது. துணிவு வரட்டும் என்று மது அருந்தி வருவதும் கூடாது. மருத்துவர் கொடுக்கும் மருந்து இவற்றோடு சேர்ந்தால் சுவாசமே நிற்கக்கூடும்.

(4) தாடையின் கீழோ கழுத்திலோ வீக்கம், வாயைத் திறக்க இயலாமை, விழுங்குவதிலோ சுவாசிப்பதிலோ தொல்லை, காய்ச்சல் ஆகியவை காணப்பட்டால் அச்சத்தைத் தணிக்க நாள் கடத்தாமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புக.

(5) சிகிச்சைக்குப்பின் மரத்துப்போன உதட்டையோ கன்னத்தையோ குழந்தை கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் உணர்வு திரும்பும்வரை பார்த்துக்கொள்ளுமாறு தாயிடம் கூறுக. திரும்பும் வழியில் உறங்கும் குழந்தையின் தலை முன்னே கவிழ்ந்து மூச்சுத் தடைபடாதபடி கவனிக்கவும் சொல்லுக.

அமைதியூட்டும் வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைப் பல் மருத்துவப் பிரிவையும், மாவட்ட அளவிலான பெரிய மருத்துவமனைகளையும் விசாரித்து, எங்கே எவ்வசதி உண்டு என்பதைப் பணியாளர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருத்தல் நலம். மருந்தின் அளவைக் கூறுவது பணியாளரின் வேலையன்று. ஆதலால் இக்கட்டுரையில் அளவுகள் எவையும் தரப்படவில்லை.

10. ஆசிரியருக்கு

பல் பரிசோதனை முகாம் பள்ளிக்கு வருவதற்கு முன்னரே ஒரு பாட நேரத்தை இதற்கென ஒதுக்கலாம். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியையும் ஒரு கரண்டியையும் கொண்டு, மாணவர்கள் ஒருவர் பல்லை ஒருவர் பார்த்து எண்ணட்டும். கரண்டியை ஒவ்வொரு முறையும் கழுவுதல் வேண்டும். மருத்துவர், நோயாளி என மாறி மாறி நடித்துக் காட்டட்டும். கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்னும் விதியை அவ்விளையாட்டிலேயே பழக்கலாம். “கொஞ்சமும் வலிக்காது” என்று உறுதி கூறுதல் தவறு. சிறிது வலித்தாலும் குழந்தை ஆசிரியரையும் மருத்துவரையும் ஒருசேர நம்பாது போகும். “எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று இருக்கும், எண்ணிக்கொண்டே இரு, பிறகு மரத்துப்போகும்” என்பதே உண்மையும் பயனும் உடையது. அழுத பிள்ளையைக் கேலி செய்ய மற்றவர்களை அனுமதிக்கலாகாது. பரிசோதனையில் ஊசியோ மருந்தோ இல்லை, பார்த்தல் மட்டுமே என்பதையும் முன்னதாகத் தெளிவுபடுத்துக. அச்சமின்றி முடிந்த முதல் பரிசோதனை, பின்னாளில் அப்பிள்ளைக்கு அமைதியூட்டும் மருந்தே தேவைப்படாமற் செய்யக்கூடும்.

பயிற்சி வினாக்கள்

1. மரத்துப்போகும் ஊசி, அமைதியூட்டல், முழு மயக்கம் ஆகிய மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை, மருந்தின் பெயர் எதுவும் கூறாமல் ஊராருக்கு எவ்வாறு விளக்குவீர்?

2. நைட்ரஸ் ஆக்ஸைடு விரைவாக வேலை செய்து விரைவாக நீங்குவதற்குக் காரணம் யாது? முடிவில் தூய பிராணவாயு கொடுப்பது ஏன்?

3. ஆக்ஸிமீட்டர் பொருத்தியிருந்தும் நோயாளியின் மார்பசைவைக் கவனிக்க வேண்டுவது ஏன்?

4. மேல் பல்லை எடுத்தால் கண் கெடும் என்று கூறும் முதியவருக்கு, அவர் மனம் புண்படாதபடி என்ன விடை அளிப்பீர்?

5. உம் பகுதியில் அச்சத்தினால் பல் சிகிச்சையைத் தவிர்த்து வருபவர் ஒருவரிடம், அவர் எதற்கு அஞ்சுகிறார் என்பதைக் கேட்டறிந்து, மருத்துவருக்கு அனுப்பத்தக்க சிறு குறிப்பு ஒன்று வரைக.